வண்டிப்பாதையும் ஆற்றுப்படையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேலூர் வட்டாரத்தோடு தொடர்புடைய ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுக என்று பொறுப்பாளர்கள் பணித்தார்கள். நான் தெரிந்துகொண்ட பொருள், மேலூரைச் சுற்றியுள்ள மண்பாதைகளில் மிதிவண்டியிற் செல்லுதல். கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் மிதிவண்டிக்கு என்ன வேலை என்று எவரேனும் வினவினால், அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கூறுவதிலிருந்தே என் உரையைத் தொடங்குகிறேன்.

வழி சொன்ன இலக்கியம்

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். முருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம். சங்கப் பாடல்களில் நெடும்பாட்டுகள் என நாம் போற்றும் பத்தில் சரிபாதி, ஒருவரை வழிப்படுத்தும் பாட்டுகள். ஆறு என்றால் வழி; படுத்துவது என்றால் அவ்வழியிற் செலுத்துவது. வள்ளலின் புகழ் பாடுவது அவற்றின் நோக்கம் என்றாலும், அப்புகழை அடைய மண்ணை மிதித்துத்தான் செல்ல வேண்டும் என்பதை அப்புலவர்கள் மறக்கவில்லை.

மலைபடுகடாத்தை வெறும் வழிக்குறிப்பாக ஒருமுறை படித்துப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறிகள் பாதையில் உண்டு, ஆதலால் விடிந்தபின் செல்லுங்கள் என்கிறது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள்மேல் விழலாம், மரத்தின் மறைவில் ஒதுங்குங்கள் என்கிறது. பாசி படிந்து வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்று சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குறிப்பு உண்டு. வழி பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் திகைக்காதபடி, சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்று அப்பாட்டு கூத்தரைப் பணிக்கிறது. வழியை அறிந்தவன் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் பின்வருவோனுக்கும் விட்டுச்செல்ல வேண்டும் என்ற அறம் அந்தப் புல் முடிச்சில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்திலும் நம் வட்டாரத்துக்கு நேரான ஒரு வழிக்குறிப்பு உண்டு. உறையூரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கோவலனுக்கு, மாங்காட்டு மறையோன் கொடும்பாளூர்க் குளக்கரையிலிருந்து மூன்றாகப் பிரியும் வழிகளை விரித்துரைக்கிறான். வலப்பக்க வழி சிறுமலைப் பக்கம் செல்வது, இடப்பக்க வழி திருமால்குன்றம் என்னும் அழகர்மலையை அடுத்துச் செல்வது, நடுவே ஒன்று. எந்த வழியில் நீர் உண்டு, எங்கே வயலும் சோலையும், எங்கே வறண்ட நிலம் என்று அவன் நிரல்படச் சொல்கிறான். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்று ஒரு வடிவம் கொள்ளும் என்ற புகழ்பெற்ற விளக்கமும் அந்த மறையோன் வாய்மொழியாகவே வருகிறது. திணைக் கோட்பாட்டின் அந்த நுட்பமான செய்தியை இளங்கோவடிகள் ஒரு வழிப்போக்கனின் வாயில் வைத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நிலத்தைக் கடந்து வந்தவனுக்கே நிலம் மாறுவது தெரியும்.

ஆகவே மேலூர்ப் பாதைகளைப் பற்றிப் பேசுவது நம் மரபுக்குப் புறம்பான செயலன்று. இனி, அப்பாதைகளில் ஏறிச் செல்லும் ஊர்தியைப் பற்றிச் சிறிது சொல்கிறேன்.

திண்ணையோரம் நின்ற வண்டி

மேலை நாடுகளில் அண்மைக் காலத்தில் 'கிராவல் பைக்' என்ற ஒருவகை மிதிவண்டி பெரும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. தார்ச்சாலையை விட்டு விலகி, ஆற்றுப் பள்ளத்தாக்கு, விளைநிலம், மரமடர்ந்த குன்று ஆகியவற்றின் ஊடே செல்லும் சரளைப் பாதைகளில் நெடுந்தொலைவு செல்வதற்கென அமைந்தது அது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் சிற்றூரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் சரளைப்பாதைப் பந்தயம் இதற்குப் பெரும் விளம்பரம் தந்தது. 2022இல் இத்தாலியில் இதற்கென முதல் உலக வாகையர் போட்டியே நடந்தது.

'கிராவல்' என்ற சொல் நமக்கு அயலானதன்று. சாலை ஒப்பந்தக்காரரும் டிராக்டர் ஓட்டுநரும் நாள்தோறும் புழங்கும் சொல்; கிராவல் மண், கிராவல் ரோடு என்று நம் ஊர்களில் எல்லோர் வாயிலும் வருவது. சொல்லைப் போலவே வண்டியும் நமக்குப் புதிதன்று என்பதே நான் கூற வருவது.

பந்தயச் சாலை வண்டியின் டயர் ஏறத்தாழ 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம். அதிற் காற்று கல்லைப்போல் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். சரளையில் அது ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும்; துள்ளும்போதெல்லாம் மிதிக்கிற வலு வீணாகும். கிராவல் வண்டியின் டயர் 38 முதல் 45 மில்லிமீட்டர் அகலம். காற்றைச் சற்றுக் குறைத்து அடைப்பர். டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருளும். இரு சக்கரங்களுக்கும் இடையே தொலைவு சற்று மிகுதி. அதனால் வண்டி தடுமாறாமல் நேரே செல்லும். இவ்வளவே அதன் அடிப்படை.

இப்போது நம் தந்தையார் காலத்துக் கறுப்பு சைக்கிளை நினைவுகூருங்கள். அதன் டயரின் பக்கவாட்டில் 28 × 1½ என்று பொறித்திருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். நீண்ட சட்டம், சாய்ந்த முன்கவை, நெல்மூட்டையையும் பால்கேனையும் தாங்கும் கேரியர். 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலிருந்தும் வடநாட்டு ஆலைகளிலிருந்தும் வந்து நம் ஊர்த் திண்ணைகளில் சாய்ந்து நின்ற அவ்வண்டி, சரளைப் பாதைக்கென்றே அமைந்த வண்டி. பல்சக்கர மாற்றம் இல்லை என்பதும், எடை இருபது கிலோவை ஒட்டி வரும் என்பதுமே குறை. மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை நம்மவர் இழுக்காகக் கருதியதுமில்லை.

இந்த எளிய ஊர்தி நமக்கு அருகிலுள்ள மாவட்டம் ஒன்றில் வரலாறும் படைத்தது. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஊர்ப்புறப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றனர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் 1500 பெண்கள் சைக்கிளில் அணிவகுத்து வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியபின் உலகமே அறிந்தது. எழுத்தறிவையும் சைக்கிளையும் அப்பெண்கள் ஒன்றாகவே கற்றனர். ஒரு பெண் தன் விருப்பப்படி பக்கத்து ஊருக்குப் போய்வர முடிந்ததே அவ்வியக்கத்தின் பெரும்பேறு. நம் வட்டத்துப் பெண் கவிஞர்கள் இதனை என்னினும் நன்கு அறிவார்கள்.

மேலூரைச் சுற்றி மூன்று வழிகள்

மேலூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று மீளத்தக்க வழிகள் பல. மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். மார்கழி, தை, மாசித் திங்கள்கள் இவற்றுக்கு உகந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்களில் நீர் கிடக்கும், வெயிலும் பொறுக்கத்தக்கது.

முதலாவது, கால்வாய்க் கரை வழி. 1895இல் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாறு அணை, மேற்கே அரபிக்கடல் நோக்கி ஓடிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பி வையையில் சேர்த்தது. அந்நீர் பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயாகப் பிரிந்து நம் பக்கம் வருகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகப் பாசனம், 85,563 ஏக்கர். இந்த எண்களைச் செய்தித்தாளில் ஆண்டுதோறும் படிக்கிறோம். கரைமேல் சைக்கிளிற் சென்றால்தான் அவற்றின் பொருள் கண்ணுக்குத் தெரியும். மேலே நாற்று நடும்போது கீழே நிலம் வெடித்துக் கிடக்கும். மேலே அறுவடை முடியும் தறுவாயில் கீழே தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்ற பேச்சு தேநீர்க்கடையில் நடக்கும். கடைமடை என்னும் சொல்லின் துயரத்தை, தலைமடையிலிருந்து கடைமடைவரை மிதித்துச் சென்றவன் தன் கால்களாலேயே அறிவான்.

கால்வாய் மிக மெல்லிய சரிவில் ஓடுவது. ஆகவே கரைப் பாதையில் ஏற்றமும் இறக்கமும் இல்லை. புதிதாகப் பழகுவோர்க்கு இதுவே ஏற்ற வழி. கரை எங்கும் ஒரே சீராக இராது. சில இடங்களில் இறங்கித் தள்ள வேண்டும். நெல், வாழை, பொங்கற் கரும்பு, இடையிடையே தென்னந்தோப்பு என மருதம் முழுவதும் இருபுறமும் விரிந்து கிடக்கும்.

இரண்டாவது, மலையடி வழி. மேலூரிலிருந்து அ. வல்லாளபட்டி, அரிட்டாபட்டி, மாங்குளம் மீனாட்சிபுரம், கிடாரிப்பட்டி ஆகிய ஊர்களைத் தொட்டு அழகர்கோயில் வரை. வயலில் தொடங்கி, ஆடுமாடு மேயும் புன்செய்த் தரிசைக் கடந்து, பாறைக் குன்றுகளின் அடியைச் சுற்றி, காடடர்ந்த மலையில் முடியும் வழி இது. மருதம், முல்லை, குறிஞ்சி என மூன்று நிலங்களும் ஒரே நாளில் நம் சக்கரத்தின் கீழே வந்து போகும்.

அரிட்டாபட்டியில் முற்காலப் பாண்டியர் குடைவித்த சிவன் கோயில் இருக்கிறது. அங்கே தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் சிற்பம் உண்டு. குன்றில் சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் தீர்த்தங்கரர் உருவமும் உண்டு. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.42 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இத்தகைய முதல் அறிவிப்பு அதுவே. ஏழு குன்றுகள், எழுபதுக்கு மேற்பட்ட நீர்நிலைகள், வல்லூறு இனங்கள் உள்ளிட்ட இருநூற்றைம்பது பறவை வகைகள், எறும்புதின்னி, தேவாங்கு என அதன் செல்வம் பெரிது. பாறை இடுக்கில் கூடு கட்டும் பறவைகள் உள்ள இடமாதலால் அங்கே செல்வோர் குரலைத் தாழ்த்திக்கொள்வது நலம்.

அடுத்துள்ள மாங்குளம் மீனாட்சிபுரத்துக் குகைக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். பிற்காலத்தில் ஐராவதம் மகாதேவன் அவற்றில் நெடுஞ்செழியன் என்ற பெயரைப் படித்துக் காட்டி, கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கணித்தார். மன்னனின் அலுவலனான கடலன் வழுதி மட்டுமன்றி, வெள்ளறையைச் சேர்ந்த வணிகக் குழுவினரும் அங்கே துறவியர்க்குக் கொடை தந்தனர் என்பது அக்கல்வெட்டுச் செய்தி. கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலைக் குகையிலோ உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு விற்பவன், பணித வணிகன், பொற்கொல்லன் என ஒரு கடைத்தெருவே தன் பெயரைப் பொறித்துவைத்திருக்கிறது. உப்பு கடலிலிருந்து வரவேண்டும். கொழு உழவனிடம் போய்ச் சேரவேண்டும். பொதி சுமந்த மாடுகள் செல்லும் தடம் மலையடியில் இல்லாமல், மதுரை வணிகர் மலைக் குகையில் எதற்குக் கொடை தந்தனர்? அக்கல்வெட்டுகளை நான் வழித்தடத்தின் சான்றாகவே படிக்கிறேன்.

மூன்றாவது, கீழ்ப்புற வழி. தெற்கே திருவாதவூர், கிழக்கே கீழவளவு, வடக்கே கருங்காலக்குடி என அரைவட்டமாகச் செல்வது. திருவாதவூர் மணிவாசகப் பெருமான் பிறந்த ஊர்; கபிலரும் அவ்வூரினர் என்பது மரபு. குதிரை வாங்கக் கீழ்க்கடற்கரை நோக்கிப் புறப்பட்ட அமைச்சர் திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்ட கதை நாம் அறிந்ததே. மதுரைக்கும் கீழைக் கடலுக்கும் இடையே நம் வட்டாரம் ஒரு நடைவழியாக இருந்தது என்பதை அக்கதையும் உணர்த்துகிறது. கீழவளவுப் பஞ்சபாண்டவர் மலைக் கல்வெட்டு இதற்கு இன்னும் பழைய சான்று. எழுத்துகள் தலைகீழாகவும் வலமிருந்து இடமாகவும் வெட்டப்பட்டிருக்கும் அவ்விந்தைக் கல்வெட்டு, தொண்டியைச் சேர்ந்த ஒருவர் தந்த கொடையைக் குறிக்கிறது. அது கிழக்குக் கரைத் தொண்டியே எனக் கொள்ள இடமுண்டு. கருங்காலக்குடிக் குன்றிலும் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் உண்டு. அங்கிருந்து வடகிழக்கே திரும்பினால், நத்தம் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கிச் சிங்கம்புணரி நோக்கிச் செல்லும் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடப்பது என்றாலும், ஆற்றின் போக்கைக் கரையோர மரங்கள் நமக்குச் சொல்லும்.

இவ்வழிகளில் நமக்குப் பெரும்பகை சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும். பஞ்சர் ஒட்டும் பசையும் ஒரு மாற்று டியூபும் கையில் இல்லாமல் செல்லலாகாது. இரண்டு புட்டித் தண்ணீர் வேண்டும். வரப்பின்மேல் வண்டியை ஏற்றக் கூடாது. உழவர் கட்டிய வரப்பு சக்கரத்துக்கு உடையும். ஊர்த் தெய்வத்தின் எல்லையில் இறங்கித் தள்ளிச் செல்வதே முறை.

பாதை அழியும் விதம்

இதுவரை கூறியவை இன்பம் தருபவை. இனிக் கூறப்போவது நம் கவலைக்குரியது.

கீழ்ப்புற வழியிற் செல்வோர் மறையோன் சொன்ன பாலையைக் கண்ணாற் காணலாம். வெயிலால் விளைந்த பாலையன்று. மனிதர் கல்லுடைத்து ஆக்கிய பாலை. மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளின் முறைகேடுகள்பற்றி 2012 முதல் நாடறியப் பேசப்பட்டது. 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் உ. சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கப் பணித்தது. 2015 இறுதியில் அவர் தம் அறிக்கையை அளித்தார். இயங்காது நின்றுபோன குவாரிகளின் பள்ளங்கள் செங்குத்தாகப் பல ஆள் ஆழம் இறங்கி, மழைநீர் நிரம்பிக் கிடக்கின்றன. குன்று இருந்த இடத்தில் குளம்போல் ஒன்று. அதன் அருகே செல்லும் பாதை சில இடங்களில் பள்ளத்தின் விளிம்பிலேயே திடீரென முடிகிறது. அப்பள்ளங்களை அணுகாதீர்கள் என்று சொல்வது என் கடமை.

குன்று போவது கண்ணுக்குத் தெரியும். பாதை போவது தெரியாது. ஊர் வரைபடத்தில் வண்டிப்பாதை என்று கோடு இருக்கும். கிராமக் கணக்கில் பாதைப் புறம்போக்கு என்று பதிவும் இருக்கும். மாட்டுவண்டி நின்றுபோயிற்று, கோடு நின்றது. முதலில் முள் மூடும். பின்பு ஒருவர் வேலியை இரண்டு முழம் தள்ளி நடுவார். பின்பு வீட்டுமனை வரும். நாலைந்து ஆண்டு கழித்து அங்கே பாதை இருந்தது என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். தனியார் நிலத்தின் ஊடே செல்லும் வழியுரிமையை எடுத்துக்கொண்டால், 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் ஒன்று கூறுகிறது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து, தடையின்றி, உரிமையாகச் சென்ற வழி உரிமையாகும். இருபது ஆண்டுகள் தொடர்ந்து செல்லாது விட்ட வழி அவ்வுரிமையை இழக்கும். மாங்குளக் கல்வெட்டு வெளிப்பட்ட அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அது. நடந்தால் வழி உண்டு, நடவாவிட்டால் வழி இல்லை என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் அதற்குள் அடங்கின. அதன்பின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. 2024 டிசம்பர் 9 அன்று சட்டப் பேரவை ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7 அன்று நம் மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். சனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்பட்டதாக நடுவண் அரசு அறிவித்தது.

அந்த இரண்டரை மாதத்தில் ஊர்மக்கள் பேசிய பேச்சைக் கூர்ந்து கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவர்கள் பெயர்களைச் சொன்னார்கள். குன்றின் பெயர், கண்மாயின் பெயர், சுனையின் பெயர், குடைவரையின் பெயர், சாமியின் பெயர். வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிந்த நிலம் அவர்கள் வாயில் பெயர் நிறைந்த நிலமாக இருந்தது. பெயரிட்டு அழைக்க ஆளுள்ள நிலத்தைக் காப்பதற்குத்தான் ஆயிரம்பேர் திரள்வர். ஆடு மேய்த்தவர்களும் நீர் பாய்ச்சியவர்களும் கிரிவலம் போனவர்களும் அப்பெயர்களை நாள்தோறும் நடந்து உயிரோடு வைத்திருந்தனர். அவர்களின் பேரப் பிள்ளைகள் பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் நெடுஞ்சாலை வழியே செல்கின்றனர். அடுத்த முறை இப்படி ஓர் ஏலம் வருமானால், அப்பெயர்களைச் சொல்ல எத்தனைபேர் இருப்பர்? இதுவே என் கவலை.

இதற்கு ஒரு வெளிநாட்டு எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே வெண்ணிறச் சரளைப் பாதைகள் பல உள்ளன. அவையும் தார் பூசப்பட்டும் கைவிடப்பட்டும் மறைந்துவந்தன. 1997இல் கையோலே என்னும் சிற்றூரில் ஜியான்கார்லோ புரோச்சி என்பவர், பழைய சைக்கிள்களில் மட்டும் அப்பாதைகளில் செல்லும் ஒரு பயணத்தைத் தொடங்கினார். அப்பாதைகளைக் காப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். முதலாண்டில் வந்தவர் நூற்றுவர்க்கும் குறைவு. பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் உலகெங்குமிருந்து வந்தனர். பாதை விளையாட்டால் பிழைத்தது.

நம் ஊருக்குத் தார்ச்சாலை வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் கருத வேண்டா. பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண்ணுக்கும் பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கும் தார்ச்சாலை வேண்டும். நான் கேட்பது வேறு. தார்ச்சாலை வந்தபின் கைவிடப்படும் வண்டிப்பாதையும் கண்மாய்க் கரையும் மலையடித் தடமும் வழிகளாகவே இருக்க வேண்டும்.

வட்டம் செய்யத்தக்கது

நம் வட்டம் பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து வந்திருக்கிறது. அதன் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கவிதைகளில் வரும் வயலும் வரப்பும் குன்றும் எங்கள் ஊருடையவையா, ஏடுகளிலிருந்து எடுத்தவையா என்ற வினாவை இங்கே வைக்க விரும்புகிறேன். மேலூர்க் கவிஞர் எழுதிய பாடலில் ஒரு மடையின் பெயரேனும் வரவேண்டாமா?

மூன்று திங்களுக்கு ஒருமுறை ஒரு கூட்டத்தையேனும் மண்டபத்துக்கு வெளியே நடத்துவோம். ஒரு பாதையைத் தேர்ந்து, காலை ஆறு மணிக்குச் சைக்கிளிற் புறப்படுவோம். புது வண்டி வாங்க வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய வண்டியைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். பள்ளியில் அரசு தந்த சைக்கிள் பல வீடுகளில் நிற்கிறது, அதுவும் போதும். ஏற முடியாத மூத்தோர், வழி முடியும் ஊரில் வந்து நம்மைச் சந்திக்கட்டும்.

புறப்படுமுன் ஊர் வரைபடத்தைப் பார்த்து அப்பாதை கணக்கில் என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்று அறிவோம். செல்லும் வழியில் எதிர்ப்படுவோரிடம் கண்மாய், மடை, ஊருணி, பாறை, திடல், மரம் ஆகியவற்றின் பெயரைக் கேட்டு எழுதுவோம். சைக்கிளின் வேகம் இதற்கென்றே அமைந்தது. காரில் செல்பவனிடம் எவரும் பேசுவதில்லை. சைக்கிளில் வருபவனை நிறுத்தி, யாரப்பா, எந்த ஊர் என்று கேட்காத கிழவர் நம் பக்கத்தில் இல்லை. அவ்வினாவுக்கு விடை சொல்லி, பதிலுக்கு ஒரு பெயரைப் பெற்று வருவோம். அப்பெயர்களை ஆண்டுதோறும் ஒரு சிறு ஏடாக வட்டம் அச்சிடட்டும். அவ்வூர்ப் பள்ளிக்கு ஒரு படி கொடுப்போம்.

கவிஞர்கள் அப்பயணங்களிலிருந்து எழுதட்டும். பரிசில் பெற வள்ளலிடம் ஆற்றுப்படுத்திய காலம் போயிற்று. கால்வாயிடம், குன்றிடம், கல்வெட்டிடம், அவற்றைக் காத்து நின்ற மக்களிடம் ஒருவரை ஆற்றுப்படுத்தலாம். இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது அதிற் பத்து ஆற்றுப்படைகளேனும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி வழி தப்பாமல் மேலூரிலிருந்து அழகர்மலைக்குச் சென்று மீள வேண்டும். பாட்டின் அழகை நாம் அறிந்த முறையில் மதிப்பிடுவோம். அதன் மெய்யை அம்மாணவியின் சக்கரம் மதிப்பிடட்டும்.

சந்தியில் புல்லை முடிந்து வைத்துச் சென்ற அந்தக் கூத்தர் எவரென நாம் அறியோம். ஆனால் அவர்க்குப் பின்னே வருபவர்கள் உண்டு என்று அவர் உறுதியாக நம்பினார். அந்நம்பிக்கையை நாமும் கொள்வோம். முதற் பயணம் வரும் தை மாதத்தில், கள்ளந்திரியிலிருந்து கால்வாய்க் கரை வழியே. வருகின்ற உறுப்பினர்கள் தம் பெயரைச் செயலாளரிடம் இன்றே பதிவு செய்ய வேண்டுகிறேன்.